அவரு படம்

என் விரல்களை முகர்ந்தால் எப்போதும் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை அடிக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, வெந்நீரில் ஊறினாலும் போகாது. ஜப்பானில் ஒகாயா ஊரில் ரயிலடியிலிருந்து ஏரிக்குப் போகிற சாலையில் எங்கள் போட்டோக்கடை. கடை என் கணவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட விழா, கல்யாணம் என்று கிளம்பிவிடுவார். மரியாதையும் அவருக்கு, விருந்துச் சாப்பாடும் அவருக்கு. இருட்டறையும் ஐஸ் மாதிரித் தண்ணீரும் எனக்கு. ஊரில் யார் யாரோடு வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள் என்பதெல்லாம் முதலில் என் தொட்டியில்தான் தெரியவரும். தெரிந்து என்ன செய்ய, முதுகுவலிதான் மிச்சம்.

மொமோசே கினுவே என்னிடம் வந்தது, டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்ததற்கு முந்தைய வருடம், மலையில் இலைகள் பழுத்துக்கொண்டிருந்த சமயம். அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா பட்டாலையில் நூல் இழுத்தவள். அதனால்தான் மகள் பெயரிலும் பட்டு; கினு என்றால் பட்டு. கினுவே தலையெடுத்தபோது பட்டாலைகள் படுத்துவிட்டன, அந்தக் கொட்டகைகளில் லென்ஸ் பட்டறைகள் வந்தன. அம்மா கொதிநீரில் விரலை வேகவைத்தாள், மகள் காவிப்பொடியில் விரலைத் தேய்த்தாள், அவ்வளவுதான் முன்னேற்றம். கண்ணாடியை மெருகேற்றும் அந்தச் சிவப்புப் பொடி நகக்கண்ணில் ஏறினால் இறங்காது. பொதுக்குளியலறையில் பெண்கள், "கினுவே, யாருக்காக இந்த நகச்சாயம்?" என்று சீண்டுவார்கள். "மெஷினுக்கு," என்பாள். அதற்கு மேல் வாயாட அவளிடம் தெம்பு இருக்காது. வேலை முடிந்து போகிறபோது, பாதி உடம்பைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தவள் மாதிரிதான் நடப்பாள்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. மெருகேறிய கண்ணாடி கையை விட்டு இறங்கினால் அதன்மேல் உடனே மூடி போட வேண்டும். திறந்து கிடந்து ஒரு தூசி உட்கார்ந்தால் அடுத்த கையில் அது கீறலாகிவிடும், அன்றைய உழைப்பு குப்பைக்குப் போகும். பதினைந்து வருடம் இதையே செய்து செய்து, கினுவேயின் கை அவளைக் கேட்காமலே மூட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் சூப்புக் கிண்ணம், தேநீர்ச் சட்டி, ஊறுகாய் ஜாடி எதையும் திறந்து பார்க்க முடியாது. என் கடையில் மூடியுள்ள கோப்பையில் தேநீர் கொடுத்தால் ஒரு வாய் குடிப்பாள், கோப்பையை மூடுவாள். பேசிவிட்டுத் திறப்பாள், ஒரு வாய் குடிப்பாள், மறுபடி மூடுவாள். "உங்களுக்குத் தேநீர் கொடுத்தா எனக்கே மூச்சு முட்டுது," என்று சொல்லியிருக்கிறேன். அவள் கணவர் டெய்ஜி, "கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தா என்னையும் மூடிடுவா," என்பாராம்.

பதினைந்து வருட வேலைக்குப் பரிசாகப் பட்டறையில் அவளுக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் போடுகிற சின்னக் கேமரா. கண்ணால் பார்க்கிற சன்னல் மேலே தனியாக இருக்கும். படம் விழுகிற லென்ஸ் கீழே தனியாக இருக்கும். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கடைக்காரம்மா, இதுல எப்படிப் படம் எடுக்கறது?"

"பதினஞ்சு வருஷமா லென்ஸ் தேய்க்கறவங்க என்னைக் கேக்கறீங்களே."

"நான் தேய்ப்பேன். அப்புறம் அது எங்க போகுது, எதைப் பார்க்குதுன்னு எனக்கென்ன தெரியும்."

"யாரைப் படம் எடுக்கணும்?"

"அவரை," என்றாள். "அவரு படம் ஒண்ணு வேணும்."

அதற்குமேல் அவள் விளக்க வேண்டியதில்லை. டெய்ஜி, சோயா விழுது செய்கிற மிஸோ ஆலையில் மிடா தூக்குகிறவர். கோடையில் அவர் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்யாமல் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றுப்புண் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் கூப்பிட்டால்கூடப் போட்டோவுக்கு வராத மனிதர் அவர். வந்தாலும் சரியான நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆலைச் சுற்றுலாவில் எடுத்த கூட்டப் படம் ஒன்றுதான் இருந்தது, அதில் கடைசி வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். முந்தின வருடம் அவர் அண்ணன் செத்தபோது இப்படி ஒரு படத்திலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கித்தான் சவப்பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "வீடு மாறி வந்துட்டோமா?" என்று கேட்டது கினுவேயின் காதில் விழுந்திருந்தது. தன் புருஷனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

"என் வீட்டுக்காரரை அனுப்பறேன். பத்து நிமிஷ வேலை," என்றேன்.

"சொல்லிப் பார்த்தேன். போட்டோக்காரன் வீட்டுக்கு வந்தா ஊரே எனக்கு நாள் குறிச்சுடும்ங்கறாரு. வேணும்னா நீ எடு, எத்தனை வேணாலும் எடுங்கறாரு."

அதனால் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குச் செத்துப்போன கால்களோடு வருகிற பெண்ணுக்கு, என் சொந்தக் கால்கள் செத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுத்தேன். என் குரலில் தேன் ஒழுகியிருக்காது.

"லென்ஸுக்குள்ள ஒரு துளை இருக்கு. இந்த வளையத்தைத் திருப்பினா சிறுசாகும், பெருசாகும். எண் ஏற ஏறத் துளை சிறுசு."

"தலைகீழா இருக்கே."

"நானா பேர் வெச்சேன்? இது ஷட்டர். அந்தத் துளை எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு இது சொல்லும். கீரை ஊறுகாய் போடறீங்கல்ல? உப்பு கம்மியா போட்டா நாள் கூட வெக்கறோம்ல. துளைதான் உப்பு, நேரம்தான் நாள். ரெண்டும் கூடிப்போனா படம் வெளுத்துடும், ரெண்டும் குறைஞ்சா கறுத்துடும்."

அது அவளுக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. எண்களைப் பாட்டு மாதிரி நெட்டுருப் போட்டாள். நல்ல வெயில் பதினாறு, லேசான மேகம் பதினொன்று, கனத்த மேகம் எட்டு, நிழல் ஐந்து புள்ளி ஆறு. வீட்டுக்குள் சன்னலோரம் என்றால் இரண்டு புள்ளி எட்டு வைத்து, ஷட்டரை முப்பதுக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கிற சன்னலுக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார்; வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு பேரையும் ஒருவராகச் சேர்த்தால் படம் தெளிவாக விழும். பட்டறையில் மெஷின் முன்னால் நின்றுகொண்டு இதையே முணுமுணுத்தாளாம். பக்கத்து மெஷின்காரி மந்திரம் என்று நினைத்து எந்தக் கோயில் என்று விசாரித்தாளாம்.

முதல் ரோலைக் கொண்டுவந்தாள். கழுவி எடுத்தால் ஒன்றுமே இல்லை. தலையிலிருந்து வால்வரை துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. பழகாதவர்கள் செய்கிற தவறு எனக்குத் தெரியாதா? பிலிமின் நுனி தண்டில் மாட்டியிருக்காது. மாட்டாமல் போனால் பிலிம் நகராது, இவர்கள் பாட்டுக்குக் கிளிக் கிளிக் என்று அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

"பிலிம் நகரவே இல்ல. நுனியை மாட்டச் சொன்னேனே, காதுல விழுந்துச்சா?"

"மாட்டின மாதிரிதான் இருந்துச்சு," என்றாள். சண்டை போட மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, மூடிய தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது டெய்ஜிக்குக் கன்னத்தில் இன்னும் சதை இருந்தது.

இரண்டாவது ரோலை நானே மாட்டினேன். சுருட்டும் குமிழ் திரும்புவதை அவள் கண் முன்னால் காட்டினேன். அதன்பிறகு, நவம்பர் முழுக்க, வேலை முடிந்து போகிற வழியில் கடையில் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள்.

"இன்னிக்கு ரெண்டு எடுத்தேன். சிரிச்சாரு."

இன்னொரு நாள், "நேரா கேமராவைப் பார்த்தே சிரிக்கறாரு, கடைக்காரம்மா. கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிச் சிரிக்கல. எனக்கே நம்ப முடியல."

"உடம்புக்கு முடியலன்னா ஆம்பளைங்க இளகிடுவாங்க," என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"செத்தப்புறம் சாமி மாடத்துல வெக்கவான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாயைக் கழுவுங்கன்னேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேமராவை எடுத்து வைத்துக்கொண்டாராம். "சன்னலோரம்னா எத்தனை?" என்று கேட்டாராம். கையில் வேலையாக இருந்தவள் நிமிராமலே, "ரெண்டு புள்ளி எட்டு, முப்பது, மூச்சைப் பிடிங்க," என்றாளாம். கொஞ்ச நேரம் வளையத்தைத் திருப்பும் சத்தம். பிறகு அவர், "ரெண்டு கினுவே தெரியறா. ஒருத்தியைச் சமாளிக்கவே என் ஆயுசு போச்சு," என்றாராம். அவள், "பிலிமை வீணாக்காதீங்க," என்று நிமிர்ந்து அதட்டுவதற்குள் அழுத்திவிட்டாராம். இதை என்னிடம் குறையாகத்தான் சொன்னாள். ஒரு படம் போச்சே என்ற கவலை அவளுக்கு. நான் சிரித்தேன்.

"பாதி ரோல் ஆனாலும் பரவால்ல, குடுங்க, வெட்டிக் கழுவித் தரேன்," என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் ஒப்பவில்லை. வெட்டுகிற இடத்தில் நல்ல படம் ஒன்று மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். "முழுசா முடிச்சே கொண்டாறேன். ஆனா கன்னம் போகுது, கடைக்காரம்மா. நாளுக்கு நாள் போகுது. சீக்கிரம் முடிக்கணும்." அவளுடைய கன்னமும் போய்க்கொண்டிருந்தது. பகலில் பட்டறை, ராத்திரியில் அவருக்குக் கஞ்சி, முதுகு துடைப்பது, படுக்கை மாற்றுவது. கடை வாசல் படியில் ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்பாள். உட்காருங்கள் என்றால், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்பாள்.

டிசம்பர் முதல் பனியன்று டெய்ஜி போய்விட்டார். காலையில் நான் கடைக்கதவைத் தள்ளுகிறேன், கினுவே கறுப்பு உடையில் நிற்கிறாள், தோளில் பனி. துணியில் சுற்றிய கேமராவை மேஜைமேல் வைத்தாள்.

"சாயங்காலம் எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள அவரு படம் வேணும். கழுவுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

இருட்டறைக்குள் போய்க் கழுவினேன். விளக்கைப் போட்டுப் பிலிமைத் தூக்கிப் பிடித்தேன். மறுபடியும் துடைத்த கண்ணாடி. ஓரத்தில் எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன. இந்தத் தடவை பிலிமை மாட்டியது நான். நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தது நான். நடுவில் எங்கோ ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் உருவம் இருந்தது. நெகட்டிவில் முகம் கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாலே தெரிந்தது, அது டெய்ஜி இல்லை.

ஈரப் பிலிமோடு வெளியே வந்தேன். எனக்குப் பழக்கமான கடுகடுப்பிலேயே சொன்னேன்.

"கேமராவை எடுங்க. இந்த ஸ்டூல்ல நான் உக்காரறேன். அவரை எப்படி எடுத்தீங்களோ அப்படியே என்னை எடுத்துக் காட்டுங்க."

அவள் கடைச் சன்னலைப் பார்த்தாள், இரண்டு புள்ளி எட்டு என்று முணுமுணுத்து வளையத்தைத் திருப்பினாள், முப்பது வைத்தாள். லென்ஸ் மூடியைக் கழற்றினாள். கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். மடியிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து, இல்லாத தூசியை இரண்டு தட்டுத் தட்டினாள். தனக்குள் தலையை ஆட்டிக்கொண்டாள். மூடியைப் போட்டாள். பிறகு கேமராவைக் கண்ணுக்குத் தூக்கி, இரண்டு என்னையும் ஒன்றாகச் சேர்த்து, மூச்சைப் பிடித்து, அழுத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கறுப்பு மூடியை.

"கினுவே," என்றேன். "மூடி."

"எந்த மூடி?"

கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு நகம் மூடியின் விளிம்பைத் தொட்டது.

"திறந்து வெச்சா தூசி விழுமே," என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பட்டறைமேல், கேமரா செய்தவன்மேல், பனிமேல், எல்லாவற்றின்மேலும் வந்தது. பார்க்கிற சன்னல் தனியாக இருந்தால் லென்ஸ் மூடியிருப்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஆள் பளிச்சென்று தெரிவார், சிரிப்பார். பிலிமில் மட்டும் இருட்டு. என் கடையில் எத்தனை பேர் ஒன்றிரண்டு படம் இப்படி விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும், ஒன்று விடாமல், ஒழுங்காக மூடி எடுக்க லென்ஸ் பட்டறைக்காரியால்தான் முடியும்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. அதுல இருக்கறது நீங்க. ஆப்பிள் நறுக்கறீங்க."

பிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தின கட்டத்தைப் பார்த்தாள், பிந்தின கட்டத்தைப் பார்த்தாள்.

"அவரு மூடியைக் கழட்டியிருக்காரு," என்றாள் மெதுவாக. "நான் கேமராவைத் திருப்பி வாங்கினப்போ மூடி இருந்துச்சு. எடுத்துட்டு அவரே மூடியிருக்காரு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்கில் அந்த லென்ஸுக்கு நேரே உட்கார்ந்திருந்தவர் அவர்தானே. கறுப்பு மூடி அவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது.

கினுவே ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் கடையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"தெரிஞ்சே உக்காந்திருக்காரு. மூடியோட எடுக்கறேன்னு தெரிஞ்சே ஒவ்வொரு தடவையும் சிரிச்சிருக்காரு. அந்த இளைச்ச மூஞ்சி என்கிட்ட மிஞ்சக் கூடாதுன்னு இருந்திருக்காரு. பாவி மனுஷன்." சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கூடவே அழுதேன். செத்த மனிதரைத் திட்டவும் திட்டினேன்.

சாயங்காலம் சவப்பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு முகம் வேண்டுமே. ஆலைச் சுற்றுலாப் படத்திலிருந்து அந்தப் பாதி முகத்தைத்தான் வெட்டினோம். என் கணவர் மீதிப் பாதியைத் தூரிகையால் வரைந்து, கழுத்துக்குக் கீழே சடங்குக் கிமோனோவும் போட்டுக் கொடுத்தார். யாரோ ஒரு கண்ணியமான மனிதர் மாதிரி இருந்தது. கினுவே அதற்கும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். அவள் பயந்தது எதுவோ அதுவே நடந்தது.

அந்த ஒற்றைக் கட்டத்தை, அவள் கேட்காமலே, இருப்பதில் நல்ல காகிதத்தில் பெரிதாகப் போட்டேன். வெளிச்சக் கணக்கு அத்தனை கச்சிதம், கைகூட ஆடவில்லை. தலையில் துணி, கையில் கத்தி, ஆப்பிள் தோல் சுருளாகத் தொங்குகிறது. அதட்ட வாயெடுத்த முகம். கண்ணுக்குக் கீழே அந்த வருடத்துக் களைப்பு முழுவதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்கள், கேமராவுக்குப் பின்னால் இருந்த ஆளை, அவர் எங்கும் போகப்போவதில்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தன. காயப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்தவர். என்னை ஒரு தடவை எடுத்திருப்பாரா? எனக்குப் பொறாமையாக இருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு ஊதுபத்திக் கட்டோடு போனேன். ஏரி உறைந்திருந்தது. டெய்ஜியின் அக்கா யசு மாடத்துக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து கினுவேயைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். மாடத்தில், வரைந்த முகத்துக்குப் பக்கத்தில், நான் போட்டுக் கொடுத்த படம் நின்றது.

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா? உசிரோட இருக்கறவ படத்தைக் கொண்டுபோய்ச் செத்தவங்க நடுவுல வெப்பாங்களா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? உன் படத்தை எடு முதல்ல."

கினுவே எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்து, கோப்பையை மூடி, என் பக்கம் நகர்த்தினாள்.

"அது என் படம் இல்லக்கா," என்றாள். "அவரு படம்."